இடக்கைச் சுருள்

வலது கையில் நுனி மெலிந்த பிரஷ். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பிச் சுருள். கட்டைவிரல் அதை இம்மியளவு உருட்டும். கம்பியில் அரத்தால் போட்ட ஒரு வெட்டு மேலே வரும். பிரஷ் அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் பச்சையாக ஒரு புள்ளி. மறுபடி ஓர் உருட்டல், அடுத்த வெட்டு, இப்போது மஞ்சள். பல வருடப் பழக்கம். வாய் யாரோடாவது வம்பளந்துகொண்டிருக்கலாம், காது ரேடியோவில் இருக்கலாம், கை தன் பாட்டுக்குப் போகும்.

அன்று போகவில்லை. மஞ்சள் புள்ளி கம்பியில் விழாமல் இடைவெளியில் விழுந்து மேசைத் துணியில் தெறித்தது. "சே" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டாம் முறையும் அப்படியே. கம்பி இருக்கும் என்று விரல் நம்பிப் போன இடத்தில் கம்பி இல்லை. மூன்றாம் முறை பிரஷைக் குவளையில் போட்டுவிட்டுச் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

வலது கையின் கட்டைவிரலை நீட்டி, மற்ற நாலு விரல்களையும் மடக்கி, சுருளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் காட்டும் திசையில் சுருள் ஏறும்போது, விரல்கள் மடங்கும் பக்கமாகவே சுற்றிக்கொண்டு ஏற வேண்டும், சாதாரணத் திருகாணியின் மரை மாதிரி. இது எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஏறியது. தலைகீழாகத் திருப்பினாள். திருப்புவதால் சுற்று மாறாது என்பது அவளுக்குத் தெரியும், இருந்தும் திருப்பினாள். கடைசியில் இடது கையை வைத்துப் பார்த்தாள். அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது.

அவள் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தது ஹீமோகுளோபினின் மாதிரி உரு. மூச்சுக்காற்றை ரத்தத்தில் சுமந்து போகும் புரதம் அது. நாலு இழை, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் சுருள்கள், அத்தனையும் வலக்கைச் சுருள்கள். யார் உடம்பில் எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான்.

நாலு இழைகளின் சுருள்களும் நாலு தட்டுகளில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கையை வைத்துப் பார்த்தாள். முதல் தட்டு சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் பாதி வரை சரி, அதற்குப் பிறகு எல்லாம் இடப்பக்கம். நாலாவது தட்டு முழுக்க இடப்பக்கம்.

அவற்றைச் சுற்றியவள் செத்துப்போய் ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது.

*

வண்ணம் தீட்டும் இவள் தெருவில் எல்லோருக்கும் அண்ணி. கூரியர்காரருக்கு அண்ணி, பெயின்ட் கடைக்காரருக்கு அண்ணி. மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், இவளைவிட மிகவும் மூத்தவர், அவரும் படியிறங்கும்போது "என்ன அண்ணி, வேலை மும்முரமா?" என்பார். நியாயமாக அப்படிக் கூப்பிடும் உரிமை ஒருத்திக்குத்தான் இருந்தது, கணவரின் தங்கைக்கு. அவள் வேலை அறையிலிருந்து நாள் முழுக்க "அண்ணீ" என்று கத்துவாள். குறடைக் காணோம் என்றால் அண்ணி, டீ ஆறிவிட்டது என்றால் அண்ணி, சும்மா இருந்தாலும் அண்ணி. கேட்டுக் கேட்டுத் தெருவுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தத் தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். தலை நரைத்த பிறகும் சின்னவள்தான்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் பொம்மைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவள் வேலை. வந்த முதல் நாளே சின்னவள் கேட்டாள்: "பொம்மைக்கெல்லாம் கண்ணத் திறந்து விடுவீங்களாமே அண்ணி. எங்க அண்ணனுக்கும் கொஞ்சம் திறந்து விடுங்களேன், புண்ணியமாப் போகும்."

அந்த வீட்டில் அப்போது விளக்குக் கூடுகளுக்கும் கடைகளில் துணி மாட்டும் ஸ்டாண்டுகளுக்கும் கம்பிச் சட்டம் செய்துகொண்டிருந்தார்கள். கம்பி வளைப்பது சின்னவள், பெயின்ட் அண்ணி, மரவேலையும் வெளி வேலையும் அண்ணன். அவருக்குத் தங்கை வைத்த பெயர் மேனேஜர். "எதையும் மேனேஜ் பண்ணத் தெரியாதவங்கள வேற எப்படிக் கூப்பிடுறது?" என்பாள்.

கல்லூரியிலிருந்து புரொபசரம்மா ஒருவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்த நாளில் இருந்துதான் பிழைப்பு மாறியது. பெட்டிக்குள் உடைந்தும் நசுங்கியும் ஒரு கம்பிச் சிக்கல். மேனேஜர் எட்டிப் பார்த்து, "எலிப்பொறியா மேடம்?" என்றார்.

"இது ரத்தத்துல இருக்கிற ஒரு புரதத்தோட மாடல். நேராக்கித் தர முடியுமா?"

"யார் ரத்தத்துல?" என்றாள் சின்னவள்.

"உங்க ரத்தத்துலயும்தான்."

சின்னவள் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு விளக்குக் கூடுகள் பின்னால் போயின. புரொபசரம்மா கொடுத்த பழைய பாடப்புத்தகத்தை அவள் வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பாள். புரியாத வரியைச் சத்தமாகப் படிப்பாள், அண்ணிக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தவள் மாதிரி. பெயின்ட் அடித்துக்கொண்டே அண்ணி கேட்பாள். இரண்டு பேரும் சேர்ந்து புரியாமல் விழித்ததில்தான் பாதி புரிந்தது. மீதிக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்க் கேட்டார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது சின்னவள் அண்ணனுக்குப் பாடம் எடுத்தாள். "மொதல்ல வரிசை. எந்த அமினோ அமிலத்துக்கு அடுத்து எதுன்னு. மணி கோக்கற மாதிரி வச்சுக்கயேன். அது தப்பினா எல்லாம் தப்பிடும். ரெண்டாவது, பக்கத்துல இருக்கறவங்க கையப் பிடிச்சுக்கிட்டு சுருளாச் சுத்திக்குவாங்க, இல்லேன்னா விசிறி மாதிரி மடிஞ்சு படுத்துக்குவாங்க. மூணாவது, அந்தச் சுருள் மடிப்பு எல்லாம் சேர்ந்து ஒரு உருண்டையா மடங்கும். நாலாவது, அப்படி மடங்கின நாலு பேரு ஒண்ணா உக்காந்தாத்தான் காத்து ஒழுங்காப் போய்ச் சேரும்."

"நம்ம வீட்ல மூணு பேரு உக்காந்தே ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்றார் மேனேஜர்.

இருபது வகை அமினோ அமிலங்களுக்கும் அவள் பட்டப்பெயர் வைத்திருந்தாள். தண்ணீரைக் கண்டால் உருண்டைக்கு நடுவே போய் ஒளிந்துகொள்ளும் வகையெல்லாம் "விருந்தாளி வந்தா உள்ரூமுக்கு ஓடுறவங்க". மிகச் சிறியதற்கு "இடுக்குல நுழையுறது". புரோலின் என்று ஒன்று உண்டு. சுருளுக்கு நடுவில் வந்தால் வளைந்து கொடுக்காமல் சுருளையே கோணலாக்கிவிடும். அதற்குப் பெயர் "மேனேஜர்".

வேலையையும் அந்தப் படிகளின்படியே பிரித்துக்கொண்டார்கள். நேர்க்கம்பியில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒரு வெட்டு, அளவு பிசகாமல், அரத்தால். அது சின்னவள். அந்தக் கம்பியைச் சுருளாகச் சுற்றுவதும் அவளே. வெட்டுக்கு வெட்டு நிறம் வைப்பது அண்ணி. சுருளையும் வளைவையும் சின்னப் பித்தளைக் குழலால் இணைத்து, மடித்து, இழைகளைக் காந்தம் வைத்து ஒன்றாக உட்கார வைக்கும்போது மூன்று பேரும். எல்லாவற்றுக்கும் அடியில் மேனேஜரின் மரப்பலகை.

ஒருமுறை வேறொரு புரதத்தில், மடிப்புகளில் ஒன்றை எதிர்த்திசையில் வைத்து அனுப்பிவிட்டார்கள். கொடுத்து முடித்து, அவர்களும் பாராட்டி முடித்த பிறகு, புத்தகத்தைப் புரட்டும்போது சின்னவளுக்குப் பகீர் என்றது. மறுநாளே போய்த் திருப்பி வாங்கினாள். "பரவாயில்லம்மா, பசங்களுக்குத் தெரியாது" என்றார் புரொபசரம்மா, நல்ல எண்ணத்தில்தான். சின்னவள் சொன்னாள்: "தெரியாதவங்களுக்குத்தானே மேடம் செய்றோம். அவங்க இதத் தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கப் போறாங்க."

அப்படிப்பட்டவள் சுற்றிய சுருள்கள் இவை.

*

சுற்றும் விதம் இதுதான். இரும்புத் தடியை மேசையில் பொருத்திய வைஸின் இடுக்கில் படுக்கையாக இறுக்கி, கம்பியின் முனையைத் தடியில் மாட்டி, வலது கையால் கம்பியைத் தடிக்கு மேலாகத் தன் பக்கம் இழுத்து, அடியாகத் தள்ளி, மறுபடி மேலாக. சுற்றுக்குச் சுற்று வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போக வேண்டும். இதையே கண்ணாடியில் பார்த்தால், உள்ளே இருப்பவள் இடது கையால் சுற்றி இடப்பக்கம் நகர்வாள்.

அண்ணி எழுந்து போய் வைஸின் முன்னால் நின்றாள். துண்டுக் கம்பி ஒன்றை மாட்டி இடது கையால் இழுத்துச் சுற்றினாள். கோணல்மாணலாக வந்தது. ஆனால் எந்தப் பக்கம் போனது என்பதில் சந்தேகம் இல்லை.

மூன்றாம் தட்டிடம் திரும்பி வந்தாள். கடைசி வலக்கைச் சுருளையும் முதல் இடக்கைச் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கடைசி வலக்கைச் சுருளில் சுற்றுகள் தளர்ந்திருந்தன. ஒன்று நெருங்கியும் ஒன்று விலகியும், பிடி நழுவ நழுவச் சுற்றியது போல. அடுத்தது, இடக்கைச் சுருள், இறுக்கமாக, சீராக இருந்தது. அந்தக் கைக்கு இன்னும் வலு இருந்தது.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மூன்றாம் இழையைச் சின்னவள் சுற்றியது நல்ல வெயில் காலத்தில். ஆஸ்பத்திரிக்குப் போனது மழை பிடித்த பிறகு. தலைக்குள் இடப்பக்கம் கட்டி என்றார் டாக்டர். வலது கையைப் பிடித்துப் பார்த்து, "எப்ப இருந்து இப்படி?" என்று கேட்டார். "இப்பத்தான் டாக்டர், ஒரு வாரமா" என்றாள் சின்னவள். அண்ணியும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். பின்னால் டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாதிரிக் கட்டியில் கை மட்டும் போகாது, சிலருக்கு எது இடது எது வலது என்பதே குழம்பிப்போகும் என்றும் சொன்னார். அப்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ள யாருக்கும் மனம் இல்லை.

வெயில் காலம் முழுக்க அவள் வலது கை ஏப்ரன் பாக்கெட்டில் இருந்தது. அண்ணி கேட்டாள்கூட.

"ஏண்டி, எப்பப் பாரு பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டு? ஆபீசர் மாதிரி?"

"தங்கக் கை அண்ணி. வெளிய வச்சா யாராவது திருடிக்கிட்டுப் போயிடுவாங்க."

அண்ணி சிரித்தாள். ஒரே அறை, ஒரே மேசை. சின்னவள் டீயை இடது கையால் வாங்கினாள், கதவை இடது தோளால் தள்ளினாள், சாப்பாட்டைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய் வேலை அறையில் தனியாகச் சாப்பிட்டாள். பொம்மைக்கெல்லாம் கண்ணைத் திறந்துவிட்டவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் பார்க்கவில்லை.

ஏன் மறைத்தாள் என்பது கம்பியில் இல்லை. எப்போதிலிருந்து என்பது மட்டும் இருந்தது.

*

மேனேஜர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். தங்கை போன பிறகு அவர் வேலை அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வாசலில் நின்று கேட்பார்.

"ஏங்க, மூணாவது இழையும் நாலாவதும் தப்பா இருக்கு."

"என்ன தப்பு?"

"சுத்து தப்பு. இடப்பக்கமாச் சுத்தியிருக்கா."

"யாரு, சின்னவளா?" அவர் சிரித்தே விட்டார். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. "போம்மா. நீ தலைகீழாப் பிடிச்சிருப்ப."

"தலைகீழாப் பிடிச்சா மாறாதுங்க. அவதான உங்களுக்கும் சொல்லிக் குடுத்தா."

சுருளை வாங்கிக் கட்டைவிரலை நீட்டிப் பார்த்தார். சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. மரத்தூளை ஊதிவிட்டுச் சுருளைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி. இருந்துட்டுப் போகட்டும்."

"என்னங்க சொல்றீங்க?"

"இருந்துட்டுப் போகட்டும்ங்கறேன். அவ கை கடைசியாத் தொட்டது. அதப் போய்ப் பிரிக்கணுமா? யாரு உத்துப் பாக்கப் போறா? பசங்க வருவாங்க, சுத்திச் சுத்திப் பாப்பாங்க, பரீட்சை எழுதிட்டுப் போயிடுவாங்க."

"அவங்க தெரிஞ்சுக்கறதே இதத் தொட்டுப் பாத்துத்தானே."

"அவ மாதிரியே பேசாத!" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அவ மாதிரியே பேசாதம்மா."

இழைப்புளியை எடுத்து இரண்டு தரம் ஓட்டினார்.

"அப்ப ஒண்ணு பண்ணு. புதுக் கம்பில நீ சுத்திக் குடுத்துடு. இத நாம வச்சுக்கலாம், பத்திரமா."

"புதுக் கம்பில வெட்டு யாரு போடுறது? நாந்தான் போடணும். இதுல இருக்கற வெட்டெல்லாம் அவளோடது. கை நல்லா இருந்தப்பவே எல்லாக் கம்பிக்கும் சேத்துப் போட்டு வச்சுட்டா. ஒண்ணு பிசகலங்க. வரிசை அத்தனையும் சரி. அதப் பெட்டில பூட்டி வச்சுட்டு, என் வரிசையும் என் சுருளுமாக் குடுத்தா, அதுல அவ எங்க இருக்கா?"

அவர் மறுபடி பலகைமேல் குனிந்தார். அண்ணியும் பாதிதான் சொல்லியிருந்தாள். சுற்று ஏன் தப்பியது என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. தனக்கு விழுந்த அடி அவருக்கும் விழ வேண்டுமா என்று பேசாமல் உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வேலை நின்றுபோயிற்று. அண்ணி தட்டுகளைத் துணியால் மூடி வைத்தாள். மற்ற இரண்டு இழைகளுக்கும் வண்ணம் அடித்து முடித்தாள், குழல் போட்டு இணைத்தாள், மடித்தாள். தெருவில் யாராவது "அண்ணி" என்றால் தலை தானாக வேலை அறைப் பக்கம் திரும்பியது. இந்தத் திரும்பல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுகொண்டிருந்தது, மறுபடி தொடங்கிவிட்டது.

கல்லூரி திறக்கும் நேரம் வந்தது. புரொபசரம்மா போன் செய்தார்.

"அவசரமில்ல அண்ணி. முடிஞ்சப்பக் குடுங்க போதும். ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். இது அவங்க கடைசியாச் செஞ்சதுதானே? பலகையில அவங்க பேரு போட்டு ஒரு சின்னத் தகடு வைக்கலாமா? வகுப்புல முன்னாலயே வச்சிருப்போம். எல்லாரும் பாக்கற மாதிரி."

"வைங்க மேடம்" என்றாள் அண்ணி.

போனை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து தட்டுகளைத் திறந்தாள். சின்னவளின் பெயர் மேலே. அடியில், தெரிந்தால் அவள் ஒருநாளும் அனுப்பியிருக்க மாட்டாத ஒரு பிழை. வருடா வருடம் புதிதாக வருகிற பிள்ளைகள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார்கள். என்றைக்காவது ஒரு பிள்ளை கட்டைவிரலை நீட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டுத் தகட்டைப் படிக்கும்.

*

செம்புக்கு ஒரு குணம் உண்டு. வளைக்க வளைக்க விறைத்துப்போகும், ஒருமுறை சுற்றியதைப் பிரித்து மறுபக்கம் சுற்றினால் முரண்டு பிடிக்கும், சில நேரம் ஒடியும். ஆனால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுவிட்டால் விறைப்பு போய்விடும். புதுக்கம்பி மாதிரி இளகிக் கொடுக்கும். அரத்தால் போட்ட வெட்டுகளை நெருப்பு ஒன்றும் செய்யாது. சுருள் கலையும், வரிசை கலையாது.

காலையில் அண்ணி அடுப்பைப் பற்றவைத்து, மேலே இருந்த பாத்திரத்தை இறக்கிவிட்டு, முதல் இடக்கைச் சுருளைக் குறடால் பிடித்து நீல நெருப்புக்கு நேரே நீட்டினாள். செம்பு முதலில் கறுத்தது, பிறகு உள்ளிருந்து சிவந்தது. தண்ணீர் வாளியில் போட்டாள். சுரீர் என்றது. அந்தச் சத்தத்தில் மேனேஜர் வந்துவிட்டார்.

"என்ன பண்ற?"

"பிரிக்கப் போறேன்."

"நான் வேண்டாம்னு சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா?"

"உக்காருங்க."

"உக்காந்து என்ன ஆகப் போகுது? எரிச்சுட்டியே…"

"உக்காருங்க முதல்ல." அவள் அடுப்பை அணைத்தாள். "அவ கவனமில்லாம சுத்தலங்க. இடது கையால சுத்தியிருக்கா. வலது கை வரல அவளுக்கு. வெயில் காலத்துலயே வரல."

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பலகையக் கீழ போட்டாளே" என்றார். "தேக்குப் பலகை. தூக்கிட்டு வாடீன்னேன், வழியில போட்டா. முனை பிளந்துடுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? கையில எலும்பு இருக்கா இல்லையான்னேன்."

அண்ணிக்குத் தெரியும். பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"சிரிச்சா" என்றார் அவர். "எலும்பு இருக்குண்ணா, மேனேஜர் மாதிரி வேலைக்குத்தான் வரலன்னு சொல்லிச் சிரிச்சா."

அவர் தோள்கள் குலுங்கின. அண்ணி தொடவில்லை, பக்கத்தில் நின்றாள். அழுது ஓய்ந்த பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "வலது கையால சுத்தினதுல எது கடைசி?"

அவள் தளர்ந்த சுருளைக் கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்தாள். விலகிப்போன சுற்றுகளை அவர் கட்டைவிரல் நகம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.

"இதப் பிரிக்காத."

"இதப் பிரிக்க வேண்டாங்க. இது சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் தளர்ந்திருக்கு, அவ்வளவுதான்."

பிரித்த கம்பியை நேராக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு முனையைப் பிடிக்க, மற்றவர் அடுத்த முனையை மெல்ல இழுத்துத் திருகி அலை மாதிரி நெளிவைப் போக்க வேண்டும். அண்ணி ஒற்றையாக முயன்று பார்த்தாள், வைஸில் இறுக்கினால் வெட்டு நசுங்கியது. வேலை அறைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "கொஞ்சம் வந்து பிடிங்களேன்."

அவர் வாசலில் வந்து நின்றார். சின்னவளின் ஸ்டூல் அங்கேயே இருந்தது, ஏப்ரன் ஆணியில் தொங்கியது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பிறகு ஏப்ரனைப் பார்க்காமல் நேராக வந்து கம்பியின் முனையைப் பிடித்தார்.

கம்பி கம்பியாகப் பிரித்தார்கள். அவர் கை முரட்டுக் கை. நடுவில் ஒரு கம்பி வெட்டின் மேலேயே பட்டென்று ஒடிந்தது. இரண்டு கையிலும் இரண்டு துண்டுகளோடு அவர் நின்ற நிலையைப் பார்க்க முடியவில்லை.

"ஒடிச்சுட்டேனே."

"அது நெருப்புல சரியா வேகல. நான்தான் அவசரப்பட்டேன்."

"அவ போட்ட வெட்டு…"

"குடுங்க இங்க."

அந்த ஒன்றுக்கு மட்டும் அண்ணி புதுக்கம்பி வெட்டினாள். ஒடிந்த துண்டுகளை மேசையில் முனைக்கு முனை சேர்த்து வைத்து, புதுக்கம்பியைப் பக்கத்தில் கிடத்தி, சின்னவளின் ஒவ்வொரு வெட்டுக்கும் நேராகத் தன் வெட்டைப் போட்டாள். அரம் பிடித்துப் பழக்கமில்லாத கை. முதல் வெட்டு ஆழமாகிவிட்டது, அடுத்தது சரிந்தது. சின்னவள் இத்தனை காலம் இத்தனை வெட்டுகளை ஒரே ஆழத்தில் எப்படிப் போட்டாள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒடிந்த இரண்டு துண்டுகளையும் மேனேஜர் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுற்றியது அண்ணி. சின்னவளின் வைஸ், சின்னவளின் தடி. மேலாகத் தன் பக்கம் இழுத்து, அடியாகத் தள்ளி, வலப்பக்கம் நகர்ந்து. ஒவ்வொரு சுருளையும் இறக்கியதும் கணவர் கட்டைவிரலை நீட்டிச் சரிபார்த்தார். "சரி" என்பார். அடுத்தது. "சரி." சுருள்களுக்கு நடுவில் வரும் வளைவுகளில் இடமும் வலமும் பிசகவில்லை. அவற்றைச் சின்னவள் படம் பார்த்துக் குறடால் வளைத்திருந்தாள். அவள் வளைத்தபடியே விட்டார்கள்.

பிறகு நிறம். பச்சை, மஞ்சள், நீலம். இந்த முறை பிரஷ் எங்கேயும் தவறி இறங்கவில்லை. மூன்றாவது இழை மடங்கி உருண்டையானது, நாலாவதும். மூச்சுக்காற்றைப் பிடித்துவைக்கும் இரும்புக்கு அடையாளமான சிவப்பு வட்டை ஒவ்வொன்றின் மடியிலும் வைத்தார்கள். நாலையும் பலகைமேல் ஒன்றோடொன்று அணைத்து வைத்தபோது காந்தங்கள் ஒவ்வொன்றாகக் கவ்வின. ஒவ்வொரு முறை இந்தச் சத்தம் கேட்கும்போதும் சின்னவள் "வந்தாச்சா, எல்லாரும் உக்காந்தாச்சா?" என்பாள். இரண்டு பேரும் கொஞ்சம் காத்திருந்தார்கள். பிறகு மேனேஜர் போய்ப் பெட்டிக்கு வைக்கோல் எடுத்து வந்தார்.

*

புரொபசரம்மாவின் அறையில் மேசைமேல் இருந்த காகிதங்களை ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள். தகடு தயாராக இருந்தது, எழுத்து இன்னும் பொறிக்கவில்லை. அண்ணி பெட்டியைப் பிரித்து, மாதிரியைக் கைகளில் ஏந்தியபடி நின்றாள். புரொபசரம்மா பார்வையை எடுக்காமல் குனிந்து பார்த்தார். இழையின் முனையிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே போனார். சுருள், வளைவு, சுருள். மூன்றாம் இழையின் நடுவில் விரல் நின்றது.

"இது மட்டும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருக்கே அண்ணி?"

"ஆமா மேடம். சுத்து சரியாத்தான் இருக்கு. அது அப்படியே இருக்கட்டும்."

புரொபசரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கை சட்டைப் பையின்மேல் இருந்தது. புரொபசரம்மா விரலை எடுத்துவிட்டுத் தகட்டுப் பக்கம் திரும்பினார்.

"தகட்டுல உங்க பேரையும் சேத்துப் போட்டுடவா? ரெண்டு பேரும் சேந்து செஞ்சதுதானே?"

"வேண்டாம் மேடம். அவ பேரு போதும். வரிசை அவளோடது."

"சரி, குடுங்க."

"அடியில கை குடுத்துப் பிடிங்க. பலகை கனம்."

புரொபசரம்மா இரண்டு கைகளையும் பலகைக்கு அடியில் கொண்டுவந்தார். பாரம் முழுவதும் அந்தக் கைகளுக்கு மாறும்வரை அண்ணி விடவில்லை. மாறியதும் விட்டாள்.